பிரசவத்துக்குப் பின் கருத்தடை: ஆஸ்பத்திரி வாசலில் எடுக்கக்கூடாத முடிவு

பேறுகாலத்துக்கு முன்பே கணவனும் மனைவியும் பேசி முடித்திருக்க வேண்டிய ஒரு விஷயம், நம் வீடுகளில் பெரும்பாலும் பிரசவ வார்டின் வாசலில்தான் முதன்முதலாகப் பேச்சுக்கு வருகிறது. "ஹஸ்ரத், ஃபாரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இமாமாக இருக்கும் எவருக்கும் புதிதல்ல. பேசுபவர் கணவராக இருப்பார், அல்லது மாமியாராக இருப்பார். யாருடைய உடலைப் பற்றிய பேச்சோ அந்தப் பெண் அப்போது வலியில் இருப்பார், அல்லது மயக்கம் தெளியாமல் படுத்திருப்பார்.

இந்த நேரத்தில் இமாம் என்ன பதில் சொன்னாலும் அது அரைகுறை பதிலாகத்தான் இருக்கும். "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பெண், ஓராண்டுக்குள் மறுபடியும் கர்ப்பமாகி, சிசேரியன் தையல் ஆறாத வயிற்றோடு திரும்பி வருவதும் உண்டு. "கூடும்" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு, 23 வயதில் நிரந்தர ஆபரேஷன் செய்துகொண்டு, பின்னர் ஒரு குழந்தையை இழந்து கலங்கி நிற்பதும் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் மார்க்கம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது, மருத்துவத்தில் என்னென்ன முறைகள் உள்ளன, அவை தாய்ப்பாலையும் தொழுகையையும் எப்படிப் பாதிக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஒவ்வொரு தம்பதியின் மீதும் கடமையாகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே கருத்தரிப்பதைத் தவிர்க்கும் ஒரு முறை வழக்கத்தில் இருந்தது. அதற்கு 'அஸ்ல்' என்று பெயர். விந்தை வெளியே விட்டுவிடுவதுதான் அது. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் அவ்வாறு செய்துகொண்டிருந்தோம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அது தடைசெய்யப்பட்ட செயலாக இருந்திருந்தால் வஹீ அதைத் தடுத்திருக்கும் என்பதே சட்ட அறிஞர்கள் இதிலிருந்து எடுத்த முடிவு.

இதற்கு மாற்றமாகத் தோன்றும் ஓர் அறிவிப்பும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஜுதாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸில் அஸ்ல், மறைமுகமாகப் புதைப்பதற்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. இதை வைத்து இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் அஸ்லைத் தடுத்தார்கள். ஆனால், யூதர்கள் இதைச் சிறிய புதைத்தல் என்று சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்ததாக அபூதாவூதில் வரும் அறிவிப்பையும் சேர்த்துப் பார்த்த பெரும்பான்மை அறிஞர்கள், காரணம் இல்லாமல் செய்வது விரும்பத்தக்கதல்ல, காரணத்தோடு செய்தால் குற்றமில்லை என்று விளக்கினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசும்போது, பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதையும் ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள்.

நம் காலத்தைப் பொறுத்தவரை, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் ஐந்தாவது அமர்வு இந்த விஷயத்தில் தெளிவான தீர்மானம் எடுத்தது. அதன் சாரம் மூன்று விஷயங்கள்:

1. பிள்ளை பெறும் உரிமையைப் பொதுச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவது கூடாது.

2. ஆணோ பெண்ணோ கருத்தரிக்கும் ஆற்றலையே நிரந்தரமாக அழித்துக்கொள்வது, ஷரீஅத் ஏற்கும் நிர்ப்பந்தம் இருந்தால் தவிர, ஹராம்.

3. இரு கர்ப்பங்களுக்கிடையே இடைவெளி விடுவதற்காகத் தற்காலிக முறைகளைப் பயன்படுத்தலாம். அதற்கு ஷரீஅத் ஏற்கும் தேவை இருக்க வேண்டும், கணவன் மனைவி இருவரும் ஆலோசித்து மனம் ஒப்ப வேண்டும், முறை தீங்கற்றதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே தங்கிய கருவை அது தாக்கக்கூடாது.

வறுமைக்குப் பயந்து கருத்தடை செய்யலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்ற நம்பிக்கைக்கு அது முரண்படும் என்று நம் நாட்டு உலமாக்களில் பலர் தடுத்திருக்கிறார்கள். ஆனால் தாயின் உடல்நலமும் பால்குடிக் குழந்தையின் உடல்நலமும் காரணமாக இருந்தால், இடைவெளி விடுவதைப் பெரும்பான்மை உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். இந்தக் கட்டுரை பேசுவது அந்தக் காரணத்தைப் பற்றித்தான்.

இரண்டு ஆண்டுகள்: குர்ஆனும் மருத்துவமும்

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனத்தை நம்மில் பலர் பாலூட்டும் காலத்துக்கான ஆதாரமாக மட்டுமே அறிந்திருக்கிறோம். பாலூட்டுதலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்பது அதன் முதல் செய்தி. அதே வசனத்தின் பிற்பகுதியில் இன்னொரு செய்தி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பால்குடியை நிறுத்த வேண்டுமானால், தாயும் தந்தையும் மனம் ஒப்பி, ஒருவரோடொருவர் ஆலோசித்து அதைச் செய்ய வேண்டும். ஒரு குழந்தையின் பால்குடியை நிறுத்துவதற்கே இருவரின் மஷூராவையும் சம்மதத்தையும் கேட்கும் மார்க்கம், மனைவியின் கருப்பையில் ஒரு கருவியை வைப்பதற்கும், அவள் உடலில் மூன்று மாத ஊசியைப் போடுவதற்கும் அதைவிடக் குறைவான ஆலோசனையா கேட்கும்? இந்தக் கட்டுரையின் மையச் செய்தியே இதுதான்.

இரண்டு ஆண்டு என்ற அந்தக் கணக்கு மருத்துவத்திலும் வருகிறது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு முன்பே கரு தங்கினால் தாய்க்கு இரத்தசோகை, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. சிசேரியன் நடந்திருந்தால், கருப்பையின் தழும்பு வலுப்பெறும் முன் அடுத்த பிரசவம் வந்து, தழும்பு விட்டுப்போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

இது நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பாருங்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். இடைவெளி விடுவது வசதிக்காக மட்டுமல்ல, பல குடும்பங்களில் அது உயிரைக் காக்கும் விஷயம்.

பால் கொடுக்கும் காலத்தில் தாம்பத்தியமே கூடாது என்று சில முதியவர்கள் சொல்வதுண்டு. நபி (ஸல்) அவர்களும் முதலில் அதைத் தடுக்க எண்ணி, ரோமர்களும் பாரசீகர்களும் அவ்வாறு செய்தும் அவர்களின் குழந்தைகளுக்குத் தீங்கு வரவில்லை என்பதைக் கவனித்து, தடுக்காமல் விட்டார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. குழந்தைக்குத் தீங்கு உண்டா இல்லையா என்பதை உலக அனுபவத்தைக் கொண்டு பார்க்க அல்லாஹ்வின் தூதர் கற்றுத் தந்த முன்மாதிரி இது. மருத்துவரின் சொல்லுக்குச் செவி கொடுப்பது ஈமானுக்கு முரணானது என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

"இன்னும் மாதவிடாய் வரவில்லையே!"

நம் பெண்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். மாதவிடாய் வராதவரை கரு தங்காது என்பது தவறான எண்ணம். முதல் மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். அந்த நேரத்தில் கரு தங்கினால் மாதவிடாய் வராமலேயே அடுத்த கர்ப்பம் தொடங்கிவிடும். பால் கொடுக்காத தாய்க்குப் பிரசவமான நான்கு வாரங்களிலேயே கருமுட்டை வெளியாக வாய்ப்புண்டு. அதனால் அவர்களுக்கு மூன்று வாரம் கழிந்த உடனேயே பாதுகாப்பு தேவை.

'நாற்பது' பற்றியும் ஒரு விளக்கம் தேவை. நம் பகுதியில் ராவுத்தர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஹனஃபியில் நிஃபாஸின் உச்ச அளவு 40 நாட்கள், ஷாஃபிஈயில் 60 நாட்கள். குறைந்த அளவு என்று எதுவும் இல்லை. இருபதாம் நாளில் உதிரம் முற்றிலும் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டும். நாற்பதாம் நாள் குளிப்புக்காகக் காத்திருந்து தொழுகையை விடக்கூடாது. 'நாற்பது கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கருத்தடைப் பேச்சைத் தள்ளிப்போடும் பழக்கமும் இதனால்தான் சரியல்ல.

என்னென்ன முறைகள் உள்ளன?

கீழே சொல்லப்படும் முறைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவை. ஒவ்வொருவரின் உடல்நிலையைப் பார்த்து இறுதியாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான்.

தாய்ப்பால்: தாய்ப்பாலே ஒரு கருத்தடை முறை. ஆனால் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர இருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக்கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக்கூடாது, பகலிலும் இரவிலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விடக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. பவுடர் பால் கொடுக்க ஆரம்பித்தாலோ, தாய் வேலைக்குத் திரும்பிப் பகல் முழுதும் குழந்தையைப் பிரிந்திருந்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஆணுறை: அஸ்லுக்கு மிக நெருக்கமான முறை இது. பாலுக்கும் உடலுக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. பிரசவத்துக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பொறுப்பு கணவருடையது. ஒவ்வொரு முறையும் தவறாமல் பயன்படுத்தினால்தான் பலன்.

காப்பர் டி: பத்து ஆண்டு, ஐந்து ஆண்டு என இரண்டு வகை உண்டு. நஞ்சுக்கொடி வெளியான பத்து நிமிடத்துக்குள், அல்லது சிசேரியன் நடக்கும்போதே, அல்லது 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான் வைக்க முடியும். இதிலுள்ள செம்பு, விந்தணு முட்டையைச் சேரவிடாமல் தடுக்கிறது என்பதே இதன் முதன்மைச் செயல்பாடு. எடுத்துவிட்டால் உடனே கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும். பாலைப் பாதிக்காது. முதல் சில மாதங்கள் மாதவிடாய் அதிகமாகவும் வலியோடும் வரலாம். ஆகவே கடும் இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். பிரசவத்தின்போது நோய்த்தொற்றோ அதிக இரத்தப்போக்கோ இருந்தால் அப்போது வைக்கக்கூடாது. பிரசவத்தோடு வைப்பது சிலருக்கு நழுவி வெளியே வந்துவிடும் என்பதால் ஆறு வாரத்தில் ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

'சாயா' மாத்திரை: இதில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இரண்டு முறை, அதன் பின் வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டும். பால் கொடுக்கும் தாயும் தொடங்கலாம். மாதவிடாய் தள்ளிப் போகலாம். மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல. கிழமையை மறந்தால் பலன் இல்லை.

'அந்தரா' ஊசி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுவது. பால் கொடுக்கும் தாய்க்கு ஆறு வாரம் கழித்துப் போடலாம். பால் குறையாது. முதல் மாதங்களில் விட்டு விட்டு உதிரம் படலாம், பிறகு மாதவிடாயே நின்றும் போகலாம். ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். சீக்கிரம் அடுத்த குழந்தையை விரும்புவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

'மாலா-என்' போன்ற தினசரி மாத்திரைகள்: இவற்றில் ஈஸ்ட்ரோஜன் இருப்பதால் பால் குறையலாம். பிரசவமான முதல் வாரங்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. பால் கொடுக்கும் தாய்மார் ஆறு மாதம் வரை இவற்றைத் தொடக்கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிடுகிறார் என்று மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

இவற்றில் எது எவ்வளவு நம்பகமானது? அன்றாட வாழ்வில் மக்கள் பயன்படுத்தும் விதத்தை வைத்து அமெரிக்காவில் கணக்கிட்டதில், ஓராண்டில் நூறு பெண்களில் கரு தங்குவோர்: அஸ்ல் முறையில் சுமார் 20, ஆணுறையில் 13, தினசரி மாத்திரையில் 7, ஊசியில் 4, காப்பர் டியில் ஒன்றுக்கும் குறைவு. எந்த முறையிலும் சுழியம் இல்லை. அல்லாஹ் படைக்க நாடியதை எதுவும் தடுக்காது என்பதை அஸ்ல் பற்றிக் கேட்கப்பட்டபோதே நபி (ஸல்) அவர்கள் உணர்த்திவிட்டார்கள். முறை தவறி ஒரு குழந்தை வந்தால் அதை அமானிதமாக ஏற்பதற்கும் மனம் தயாராக இருக்க வேண்டும்.

தொழுகையும் நோன்பும்

கருத்தடை பற்றிப் பேசும் மருத்துவர் சொல்லாத ஒரு விஷயம், ஆனால் நம் பெண்களை அதிகமாக அலைக்கழிக்கும் விஷயம் இது. ஊசி போட்ட பெண்ணுக்கு விட்டு விட்டு உதிரம் படுகிறது. இது ஹைளா, இல்லையா? தொழலாமா, கூடாதா? இந்தக் குழப்பத்திலேயே மாதக்கணக்கில் தொழுகையை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு மூன்று நாட்கள், அதிக அளவு பத்து நாட்கள். ஷாஃபிஈயில் குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், அதிகம் பதினைந்து நாட்கள். இரண்டு ஹைளுக்கு நடுவே குறைந்தது பதினைந்து நாள் சுத்தம் இருக்க வேண்டும் என்பது இரு மத்ஹபுகளுக்கும் பொது. இந்த அளவுகளுக்கு வெளியே படுவது இஸ்திஹாளா, அதாவது நோயால் வரும் உதிரம். அது தொழுகையையும் நோன்பையும் தாம்பத்தியத்தையும் தடுக்காது. நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் சுத்தம் செய்து, துணி வைத்து, உளூச் செய்து தொழ வேண்டும். காப்பர் டி வைத்த பின் ஹைள் நீண்டு பத்து நாளையும் தாண்டினால், ஹனஃபியில் அவருடைய வழக்கமான நாட்கள் மட்டுமே ஹைள். அதற்கு மேல் விட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டும்.

ஆகவே பிரசவத்துக்கு முன்பு தமக்கு எத்தனை நாள் வழக்கம் என்பதை ஒவ்வொரு பெண்ணும் நினைவில் வைத்திருக்க வேண்டும். முறையைத் தொடங்கியதும் உதிரம் படும் நாட்களை நாட்காட்டியில் குறித்துவைத்து, ஐயம் வந்தால் அதை ஓர் ஆலிமாவிடம் காட்டிக் கேளுங்கள். பெண்கள் மதரஸாக்கள் நம் பகுதியிலும் இருக்கின்றன. வெட்கப்பட்டுக் கேட்காமல் இருப்பதால் தொழுகைதான் பாழாகிறது. அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிந்துகொள்வதில் வெட்கத்தைத் தடையாக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை மறக்க வேண்டாம். மாத்திரையை ரமளானில் இரவில் சாப்பிடலாம். காப்பர் டி வைக்கவும் பரிசோதிக்கவும் நோன்பு இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நிரந்தர ஆபரேஷன்

தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே 'ஆபரேஷன்' என்றுதான் பொருள் கொள்கிறார்கள். அதே ஐந்தாவது கணக்கெடுப்பின்படி, இங்கு திருமணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் செய்துகொண்டோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. 0.1 விழுக்காடுதான்.

அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952இல் தொடங்கியது. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வாசகமும் சுவரெல்லாம் எழுதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. நெருக்கடி நிலையின்போது 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த ஆபரேஷன் செய்யப்பட்டது, அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பல இடங்களில் வற்புறுத்தலும் நடந்தது. நம் சமுதாயத்தில் அரசு மருத்துவமனை ஃபாரம் என்றாலே ஓர் அச்சம் இருப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். ஆனால் இன்று சட்டம் வேறு. விருப்பம் இல்லாமல் யாருக்கும் எந்தக் கருத்தடையும் செய்யக்கூடாது. ஆபரேஷன் முகாம்களின் அவலத்தைப் பற்றிய தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், அந்த முகாம்களை நிறுத்தவும், சம்மதம் கேட்கும் முறையைச் சரிசெய்யவும் உத்தரவிட்டது. காப்பர் டி வைப்பதற்கும் இதே விதிதான். என்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் உரிமை.

ஷரீஅத்தைப் பொறுத்தவரை, தாம்பத்திய ஆசையை அடக்க ஆண்மை நீக்கிக்கொள்ள சில ஸஹாபாக்கள் அனுமதி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் தந்த ஆற்றலை நிரந்தரமாக அழிப்பது கூடாது என்பதற்கு அறிஞர்கள் காட்டும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று. அதே நேரத்தில், பல சிசேரியன்கள் நடந்து கருப்பை பலவீனப்பட்டவர், கடும் இதயநோய் உள்ளவர் என, இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொல்லும் நிலையில் உள்ளவருக்கு நிர்ப்பந்தம் என்ற சலுகை உண்டு. அந்த நிலையில் உள்ள பெண்ணை 'ஹராம்' என்று பயமுறுத்தி அடுத்த கர்ப்பத்துக்குத் தள்ளுவது மார்க்கப் பற்று ஆகாது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று.

நிர்ப்பந்தம் இல்லாதவர்களுக்குப் பத்து ஆண்டு காப்பர் டி இருக்கும்போது நிரந்தர ஆபரேஷனுக்கு என்ன தேவை? குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷன் எல்லோருக்கும் வெற்றி பெறுவதில்லை. அரசின் விதிமுறைகளே, மருத்துவக் காரணம் இருந்தால் தவிர, பெண்ணுக்கு 22 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு வயதைக் கடந்த ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும் என்று சொல்வது இந்த மீளமுடியாத தன்மையால்தான்.

கணவர்மாருக்கு

அஸ்ல் செய்ய மனைவியின் அனுமதி வேண்டும் என்பது ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்களின் நிலைப்பாடு. பிள்ளை பெறும் உரிமையும் இன்பம் பெறும் உரிமையும் அவளுக்கும் உண்டு என்பதே காரணம். அப்படியென்றால் மனைவிக்குத் தெரியாமல் கணவர் முடிவெடுப்பதும் தவறு, கணவருக்குத் தெரியாமல் மாமியாரும் மருத்துவமனையும் முடிவெடுப்பதும் தவறு.

முறையைத் தேர்ந்தெடுக்கும்போது கணவரின் தொழிலையும் பார்க்க வேண்டும். நாமக்கல் லாரி ஓட்டுநர் வடமாநிலங்களுக்குப் போனால் வீடு திரும்பப் பல வாரங்கள் ஆகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனவர் மாதக்கணக்கில் வரமாட்டார். வளைகுடாவில் இருப்பவர் இரண்டாண்டுக்கு ஒரு முறை வருவார். எப்போதோ ஒரு முறை வரும் கணவருக்காக மனைவி மாதாமாதம் உதிரப்போக்கைத் தாங்கிக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா, அல்லது அந்த நாட்களில் கணவர் ஆணுறையைப் பயன்படுத்தினால் போதாதா என்று பேசிப் பாருங்கள். அதேபோல் தினமும் வீட்டிலிருக்கும் தறிக்காரருக்கும் வெள்ளிப் பட்டறைக்காரருக்கும் வேறு முறை பொருந்தலாம். எல்லாப் பாரத்தையும் மனைவியின் உடலில் ஏற்றுவதுதான் எளிது என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டின் அந்த 57.8, 0.1 என்ற இரு எண்களையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையே அதற்குக் காரணம். நம் சமுதாயத்தில் அது இல்லை என்று பெருமை பேசுகிறோம். ஆனால், 'இரண்டும் பெண், ஒரு பையன் பிறந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்' என்று சொல்லி, உடல் தாங்காத பெண்ணை ஆண்டுக்கொரு பிரசவத்துக்கு அனுப்பும் வீடுகள் நம்மிடமும் இல்லையா? குழந்தையின் பாலினத்தை முன்கூட்டியே அறிவது சட்டப்படி குற்றம், ஆண் பிள்ளைக்காகத் தாயின் உயிரைப் பணயம் வைப்பது மார்க்கப்படி அநீதி.

கருக்கலைப்பைக் கருத்தடையாக எண்ணுவதும் தவறு. 120 நாட்கள் கடந்த கருவைக் கலைப்பது, தாயின் உயிரைக் காக்க வேறு வழியில்லாத நிலை தவிர, அனைத்து மத்ஹபுகளிலும் ஹராம். அதற்கு முன்பும் தகுந்த காரணம் இல்லாமல் கலைப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. இந்த நிலை வராமல் தடுப்பதற்குத்தான் முன்கூட்டியே ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

ஏழாம் மாதத்திலேயே, பெண் தாய் வீட்டுக்குப் போவதற்கு முன்பே, கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த குழந்தை எப்போது வேண்டும்? இது எத்தனையாவது சிசேரியன்? இரத்த அளவு எவ்வளவு? இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கிறதா? தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடியுமா? கணவர் எத்தனை நாள் வீட்டில் இருப்பார்? இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ இருவரும் சேர்ந்து காட்டுங்கள். முடிவான முறையை, அல்லது எதுவும் வேண்டாம் என்ற முடிவை, பரிசோதனை அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். பிரசவ வலியின்போது யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள், நீங்களும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று யாருக்கும் போன் செய்ய வேண்டியிருக்காது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ்வுக்கு முன் மணமக்களுக்கு நடத்தும் வகுப்பில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெண்களுக்கு ஒரு பெண் மருத்துவரும் ஓர் ஆலிமாவும் சேர்ந்து விளக்கட்டும்.

பிள்ளைகள் அல்லாஹ்வின் அருட்கொடை. அவர்களைச் சுமந்து, பெற்று, பாலூட்டும் தாயும் அதே அல்லாஹ்வின் அமானிதம். பலவீனத்தின் மேல் பலவீனத்தைத் தாங்கிச் சுமப்பவள் என்று குர்ஆன் யாரைச் சொல்கிறதோ, அவளுடைய பலவீனத்தை நம் அலட்சியத்தால் கூட்டாமல் இருப்போம். அறிந்து, ஆலோசித்து, மனமொப்பி வாழும் குடும்பங்களாக நம் குடும்பங்களை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.